லயத்துக் கித்தார்

பால்மரம் வெட்டியவர்களுக்கு மாலை நேரம் சொந்தமாக இருந்தது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் விடியுமுன்பே பெரட்டு, அதாவது ஆள்கணக்கெடுப்பு. வெளிச்சம் வந்ததும் நிரைக்குள் இறங்கி, மரத்துக்கு மரம் பட்டையை மெல்லிய கீற்றாகச் சீவி, பால் வடியும் கிண்ணமான மங்கைச் சரிசெய்து வைத்துவிட்டு, பத்து மணிக்கு மேல் வாளியோடு திரும்பிப் போய்ப் பாலை வார்த்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்தால் பிற்பகலில் வேலை முடிந்தது. குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்தாலும் இருட்டுவதற்கு இன்னும் மூன்று மணி நேரம் மிச்சம் இருக்கும். மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பந்தாட்டம், நாடகம், பஜனை, கள்ளுக்கடைச் சண்டை, பாட்டுக்கச்சேரி எல்லாம் வளர்ந்தது அந்த மூன்று மணி நேரத்தில்தான். மழை பெய்தால் வெட்டு இல்லை. பட்டை நனைந்தால் பால் கோட்டில் நிற்காமல் மரமெல்லாம் வழிந்து வீணாகிவிடும். கூலியும் கிடையாது. கூலி இல்லாத அந்த நாட்களில் காலையிலிருந்தே லயத்து (தொழிலாளர் வரிசைவீட்டு) வாசலில் ஒத்திகை நடக்கும். எங்கள் பக்கத்து இசைக்குழுக்கள் நன்றாகத் தேறியது மழைக்காலத்தில்தான் என்று பெரியவர்கள் சொல்வது பாதி வேடிக்கை, பாதி உண்மை.

இன்று அதே நிலத்தில் செம்பனை நிற்கிறது. ஒரு குலை 15, 20 கிலோ இருக்கும். நீளக் கம்பில் பொருத்திய அரிவாளால் அண்ணாந்து அறுத்து, விழுந்த குலையைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் பாதையோரம் கொண்டுவந்து அடுக்க வேண்டும். மரத்தின் பால் ஓட்டத்துக்காக வகுத்த பழைய கால அட்டவணை இதற்குப் பொருந்தாது. அறுப்பவர்களும் பெரும்பாலும் இந்தோனேசியர்கள், வங்காளதேசிகள். அவர்களுடைய குடியிருப்பிலிருந்து மாலையில் கேட்பது கைப்பேசியில் ஓடும் டாங்டுட் என்ற இந்தோனேசிய இசை. தாளத்தில் தபேலாவின் சாயலும் மெட்டில் பழைய இந்திப் படப் பாட்டின் சாயலும் இருப்பதால் நம் காதுக்கு அது அந்நியமாகப் படுவதில்லை.

இந்த இரண்டு மாலைகளுக்கும் நடுவே, ஒரு தமிழர் கித்தாரை மட்டுமே நம்பி, அதிலும் ஜாஸ் வாசித்துத் தற்கால இசை எழுதி வாழ முடியுமா என்ற கேள்விக்கான விடை மாறியிருக்கிறது. அன்று முடியாது. இன்று, சிரமப்பட்டால், முடியும். ஆனால் விடை மாறுவதற்குள் கேள்வி கேட்ட தோட்டமே கலைந்துவிட்டது.

ரந்தாவ் பக்கத்து லின்சம் தோட்டத்தில் கத்ரி நிறுவனம் ரப்பர் நட்டது 1896இல். அதற்குப் பிறகு லாபு, சிலியாவ், சுவா பெத்தோங், பகாவ் பக்கம் கெடிஸ், ஜெராம் பாடாங் என்று மாநிலம் முழுவதும் தோட்டங்கள் பரவின. அவற்றில் ஜாஸ் என்ற இசை அறவே கேட்காமலும் இல்லை. துரைமார் (வெள்ளைக்கார நிர்வாகிகள்) கிளப்புகளில் நடன இரவுகள் உண்டு. மலாயா நகரங்களில் அப்படிப்பட்ட வாத்தியக் குழுக்களில் பெரும்பாலும் பிலிப்பினோக்கள்தான் வாசித்தார்கள். பின்னாளில் மலாயா வானொலியின் இசைக்குழுவை நடத்திய அல்ஃபோன்சோ சோலியானோவும் அந்த மரபில் வந்தவர்தான். கிளப்புக்குள் தமிழர்கள் தட்டு ஏந்திப் போனார்கள், தோட்டத்தைக் கூட்டினார்கள், கார் ஓட்டினார்கள். வாத்தியத்தோடு உள்ளே போனதில்லை. சாக்சபோன் ஓசை காற்றில் லயம்வரை வந்திருக்கலாம். அதைக் கற்றுக்கொடுக்க ஆள் வரவில்லை.

கித்தார் வந்தது வேறு வழியாக. கிறிஸ்துவக் குடும்பங்களைக் கேட்டால் கோயில் வழி என்பார்கள். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்த பிறகு கத்தோலிக்க வழிபாட்டில் உள்ளூர் மொழிப் பாட்டுக்கும் கித்தாருக்கும் இடம் கிடைத்தது. மற்றவர்கள் குகிரானைச் சொல்வார்கள். முன்னணிக் கித்தார், தாளக் கித்தார், பேஸ் கித்தார், டிரம்ஸ் என்று நான்கே வாத்தியங்கள் கொண்ட குழு அது. 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூரில் வந்து வாசித்துவிட்டுப் போனதிலிருந்து மலாய் இளைஞர்களிடையே இந்த மோகம் கம்பம் (மலாய்க் கிராமம்) கம்பமாகப் பரவியது. கம்பத்துக்கும் தோட்டத்துக்கும் இடையில் இருந்தது ஒரு செம்மண் பாதைதான். பள்ளித் தோழன் வைத்திருந்ததைப் பார்த்துத் தோட்டத்துப் பையனுக்கும் ஆசை வந்தது.

அந்தக் கித்தாரை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மலிவான ஒட்டுப்பலகை, நம் ஊர் ஈரக்காற்றில் பசை இளகி, கம்பிகளைத் தாங்கும் அடிப்பாலம் மெல்ல மேலெழும்பும், கழுத்து வளையும், வளைந்ததும் கம்பி விரல்பலகையை விட்டு உயர்ந்து நிற்கும். அதை அழுத்தி வாசிக்கப் பால்வெட்டுகிறவனின் விரல்தான் வேண்டும். உளி பிடித்துக் காய்த்த கைக்கு அது ஒரு பெரிய துன்பமில்லை. முதல் கம்பிதான் அடிக்கடி அறும். சிரம்பான் டவுனுக்குப் போகிற யாரிடமாவது சொல்லிவைத்து ஒற்றைக் கம்பி வாங்கிவரச் சொல்வார்கள். அது வரும்வரை ஐந்து கம்பியில் வாசிப்பு. பல தோட்டங்களில் மின்சாரம் ஜெனரேட்டரிலிருந்து வந்ததால் ஒலிபெருக்கியோடு ஒத்திகை பார்ப்பது இரவு விளக்கு எரியும் சில மணி நேரம் மட்டுமே. விளக்கு அணைந்ததும் மின்கித்தார் வெறும் மரக்கட்டை.

பாடம் காதால்தான். வானொலியின் தமிழ்ச் சேவையில் ஒரு புதுப்பாட்டு போகும்; ஒருவன் பல்லவியைப் பிடித்துக்கொள்வான், இன்னொருவன் இடையிசையை. விட்டுப்போனதைப் பிடிக்க அந்தப் பாட்டு மறுபடி எப்போது ஒலிக்கும் என்று காத்திருக்க வேண்டும். கேசட் வந்த பிறகு ரிவைண்ட் பொத்தான் வாத்தியாரானது. அதே நேரத்தில் பாட்டே கடினமாகிவிட்டது. 1976இல் 'அன்னக்கிளி' வந்தது. அதற்கு முன் ஆர்மோனியம், தபேலா, ஒரு கித்தார் இருந்தால் பெரும்பாலான படப்பாட்டுகளைச் சமாளித்துவிடலாம். இளையராஜாவுக்குப் பிறகு பேஸ் கித்தார் இல்லாத குழு அரைக்குழு. லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கித்தார் தேர்வில் தங்கப்பதக்கம் வாங்கிய ஒருவர், தமிழ்ப்பாட்டின் அடித்தளத்திலேயே கித்தாரை வைத்துவிட்டார். 1982இல் 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' வந்தபோது கித்தார் வைத்திருந்த ஒவ்வொருவனும் அதன் தொடக்கத்தை வாசித்துக் காட்டும்படி கேட்கப்பட்டான். கேசட் உறையில் இசையமைப்பாளர் பெயர் இருந்தது, பாடியவர் பெயர் இருந்தது. அந்தக் கித்தாரை வாசித்தவர் பெயர் இல்லை. கோடம்பாக்கத்திலேயே கித்தார்க்காரருக்குப் பெயர் இல்லாதபோது ஜெராம் பாடாங்கில் எங்கிருந்து வரும்?

திருவிழாவிலும் கலியாணத்திலும் வாசித்தால் சாப்பாடு, பஸ் காசு, மாலை, சில நேரம் ஓர் உறைக்குள் கொஞ்சம் வெள்ளி. நன்றாக வாசித்தவர்கள் பிற்பாடு லாரி ஓட்டினார்கள், தொழிற்சாலைக்குப் போனார்கள், சிங்கப்பூருக்கு வேலை தேடிப் போனார்கள். இசையே தொழிலாக வாய்த்த தமிழர்களும் உண்டு. அவர்கள் நகரத்துக்காரர்கள். 1960களின் கடைசியில் பினாங்கில் தொடங்கிய எலிகேட்ஸ் குழுவில் டேவிட் ஆறுமுகமும் அவர் தம்பி லோகநாதனும் ஹாங்காங் வரை போய்ப் பெயர் வாங்கினார்கள். ஆனால் நாடே கொண்டாடிய அவர்களுடைய பாட்டுகள் மலாய்ப் பாட்டுகள். தாளக் கலைஞர் லூயிஸ் பிரகாசம் 'ஏசியாபீட்' என்ற குழுவில் ஜாஸையும் ஆசிய வாத்தியங்களையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தார். பியானோவில் மைக்கேல் வீரப்பன் ஜாஸ் கலைஞராகவே அறியப்பட்டார். மலேசியாவில் பிறந்து தானாகவே கித்தார் கற்று, சிங்கப்பூர் மதுக்கூடங்களில் வாசித்தே வாழ்ந்து 2012இல் மறைந்த பால் பொன்னுதுரையின் விரல்வேகத்தைக் கேட்டு வெளிநாட்டு விருந்தினர்கள் வியந்து போனார்கள். இவர்களில் யார் கதையை எடுத்தாலும், ஏதோ ஒரு நகரமும் அந்த நகரத்தின் இரவும் அதில் வரும்.

தமிழ் வீட்டில் பிறந்து கித்தாரையே வாழ்க்கையாக்கிக்கொண்டு, ஜாஸிலும் தற்கால இசையமைப்பிலும் பெயர் சொல்லும்படி நின்றவர் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஆர். பிரசன்னா. அவர் தமிழ்நாட்டின் ராணிப்பேட்டைக்காரர். தோல் பதனிடும் ஆலைகளின் ஊர்; பெரிய சபாக்களோ ஜாஸ் கிளப்போ இல்லாத சிற்றூர். அந்த வகையில் பகாவையும் ரந்தாவையும் விட அது ஒன்றும் உயர்ந்த இடமில்லை. அவர் படித்தது சென்னை ஐஐடியில் கப்பல் வடிவமைப்புப் பொறியியல். கர்நாடக இசையை திருவாரூர் பாலசுப்பிரமணியத்திடமும் வயலின் மேதை அ. கன்னியாகுமரியிடமும் கற்றார். பிறகு 1990களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போய் மேற்கத்திய இசையமைப்பைப் படித்தார்.

அவர் எதிர்கொண்ட சிக்கலைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கித்தாரின் விரல்பலகையில் குறுக்கே உலோகப் பட்டைகள் பதித்திருக்கும். ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு சுரம், அவ்வளவுதான். கர்நாடக இசையில் உயிர் இருப்பதோ இரண்டு சுரங்களுக்கு நடுவே. கமகம் என்பது அந்த நடுவெளியில் நடக்கும் அசைவு. அதைக் கித்தாரில் கொண்டுவரக் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து வளைக்க வேண்டும், அல்லது ஒரே விரலால் பட்டைகளின் மேல் வழுக்கிப் போக வேண்டும். ஜாஸ் கேட்பது வேறொன்றை. பல சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கவிடும் கார்டுகள், அவை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறும் பாதை, அந்தப் பாதையின் மேல் அப்போதைக்கப்போது உருவாக்கும் மெட்டு. ராகத்தில் கார்டு கிடையாது. கார்டு மாறினால் ராகத்தின் ஆதாரம் ஆட்டம் கண்டுவிடும். இரண்டு இலக்கணத்தையும் ஒரே கருவியில், ஒன்றை மற்றொன்று தின்றுவிடாமல் வைத்திருப்பதுதான் வேலை.

வெளியிலிருந்து வந்தவர்கள் இதை வேறுவிதமாகத் தீர்த்தார்கள். 1970களின் நடுவில் ஜான் மெக்லாஃப்லின், எல். சங்கர், ஜாகிர் உசேன், கடம் விநாயக்ராம் சேர்ந்து 'சக்தி' குழுவைத் தொடங்கியபோது, மெக்லாஃப்லின் கித்தாரையே மாற்றச் செய்தார். பட்டைகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் சுரண்டி, கம்பியை வீணைபோல இழுக்க இடம் வைத்து, குறுக்கே ஒலிக்கும் சுருதிக் கம்பிகளையும் சேர்த்துச் செய்த தனிக் கருவி அது. சென்னையில் 1980களிலேயே சுகுமார் பிரசாத் மின்கித்தாரில் முழுக் கர்நாடகக் கச்சேரி செய்து காட்டினார். பிரசன்னா வந்தது அந்தப் பாதையில். அதற்கு மேல் ஜாஸையும் ஏற்றிக்கொண்டார்.

2003இல் 'பி த சேஞ்ச்', 2006இல் 'எலக்ட்ரிக் கணேசா லேண்ட்' என்று அவருடைய தொகுப்புகள் வந்தன. இரண்டாவதன் தலைப்பு ஜிமி ஹென்ட்ரிக்ஸின் 1968ஆம் ஆண்டு இசைத்தட்டு ஒன்றுக்குச் செலுத்திய வணக்கம். அதில் மின்கித்தாரின் உறுமலுக்குப் பக்கத்தில் நம் கர்நாடகத் தாளவாத்தியங்கள் சரிக்குச் சரி நிற்கின்றன. 'ஸ்மைல் பிங்கி' என்ற குறு ஆவணப்படத்துக்கு அவர் இசையமைத்தார். அந்தப் படம் 2009இல் ஆஸ்கர் வாங்கியது. 2011இல் பியானோ கலைஞர் விஜய் ஐயர், தபேலாக் கலைஞர் நிதின் மித்தா ஆகியோரோடு சேர்ந்து 'தீர்த்தா' வந்தது. விஜய் ஐயர் நியூயார்க் மாநிலத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். 2013இல் மெக்ஆர்தர் நல்கை பெற்று, பின்பு ஹார்வர்டில் பேராசிரியரானவர். அந்தத் தொகுப்பில் எனக்குப் பிடித்தது யாரும் யாருக்கும் பக்கவாத்தியமாக அடங்கிப்போகாததுதான். இதற்கிடையில் 2010இல் சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், சுவர்ணபூமி இசைக் கழகம் என்ற பள்ளியையும் பிரசன்னா முன்நின்று தொடங்கினார். ஒரு கட்டுமான நிறுவனம் எழுப்பிக்கொண்டிருந்த புதுநகருக்குள் அந்தப் பள்ளி அமைந்தது.

ஜாஸ் கலைஞரின் வருமானம் பால்வெட்டுகிறவனின் வாளிபோல. ஒரே மரத்தில் நிரம்பாது. கச்சேரி கொஞ்சம், பாடம் சொல்லிக்கொடுப்பது கொஞ்சம், படத்துக்கு எழுதுவது, பட்டறை நடத்துவது, பிறருடைய பதிவில் வாசிப்பது, தன் தொகுப்பை விற்பது என்று மங்கு மங்காகச் சேர வேண்டும். பிரசன்னாவின் பெயர் பெரியது. ஆனாலும் அவருடைய பணிப்பட்டியல் இப்படித்தான் இருக்கிறது.

ராணிப்பேட்டைக்கும் நம் தோட்டத்துக்கும் என்ன வேறுபாடு என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். அது இசையார்வத்தில் இல்லை; ஆர்வம் இரண்டிடத்திலும் இருந்தது. கருவியிலும் இல்லை. வேறுபாடு பின்னால் இருந்த பாதுகாப்பில். கித்தார் கைவிட்டால் பிடித்துக்கொள்ளப் பிரசன்னாவுக்கு ஐஐடிப் பட்டம் இருந்தது. தோட்டத்துப் பையன் ஆறு ஆண்டு தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய்மொழி இடைநிலைப் பள்ளிக்குப் போகுமுன் புகுமுக வகுப்பில் ஓராண்டு என்று உடன் படிப்பவர்களைவிட ஒரு வயது கூடுதலாகத்தான் போய்ச் சேர்வான். நடுவிலேயே நின்றவர்கள் பலர். நின்றவன் வீட்டில் உட்கார முடியாது. படிவம் மூன்றோடு நின்றவனுக்கு மறுநாள் பெரட்டு. தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) வீட்டுப் பிள்ளைகளுக்கு, குறிப்பாக யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு, வயலினும் லண்டன் தேர்வும் எட்டின. ஐம்பது கஜத்துக்கு அப்பால் இருந்த லயத்துக்கு அவை எட்டவில்லை. ஒரே தோட்டத்துக்குள்ளேயே இரண்டு இசை உலகம். வேறுபாட்டைத் தேடி ராணிப்பேட்டைவரை ஏன் போக வேண்டும்?

பிறகு நிலம் மாறியது. மலேசியாவில் 1960இல் செம்பனை நின்ற பரப்பு ஏறக்குறைய 54,000 ஹெக்டர். 2020 வாக்கில் அது 57 லட்சம் ஹெக்டரைத் தாண்டிவிட்டது. 1981 செப்டம்பர் 7ஆம் நாள் காலை, லண்டன் பங்குச்சந்தையில் சில மணி நேரத்துக்குள் கத்ரி நிறுவனத்தின் கட்டுப்பாட்டை மலேசிய அரசு சார்ந்த முதலீட்டு நிறுவனம் கைப்பற்றியது. துரை போனார். பெரட்டு நின்றுவிடவில்லை. 2007இல் பெரிய தோட்ட நிறுவனங்கள் மூன்று இணைந்து சைம் டார்பி ஆயின. அதன் தோட்டப் பிரிவு 2024இல் எஸ்டி கத்ரி என்று பழைய பெயரையே மறுபடி சூடிக்கொண்டது. பெயர் திரும்பிவிட்டது, லயங்கள் திரும்பவில்லை. நீலாய், லாபு, சிரம்பான் பக்கத்து நிலங்கள் வீடமைப்புக்குப் போயின. ஐன்ஸ்டேல் தோட்டம் இருந்த இடத்தில் பண்டார் ஐன்ஸ்டேல். 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530 வாக்கில். நெகிரி செம்பிலானில் மட்டும் 61 பள்ளிகள். அவற்றில் சில தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிகளுக்கு நடுவே புதுக் கட்டடத்தில் நடக்கின்றன. தோட்டப் பெயர் மட்டும் பலகையில் தொடர்கிறது.

கூடிவந்தது நிறைய. தோட்டத்தில் இருந்தபோது மாதச் சம்பளமே பெரிய போராட்டம். 2013இல் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி என்று வந்தது. 2025இல் அது 1,700 வெள்ளியானது. லயத்து ஓரறைக்குப் பதில் சொந்தப் பெயரில் பட்டா உள்ள வீடு. கித்தார் ஒரு மாதச் சம்பளத்தைத் தின்னும் பொருளாக இல்லை. கழுத்து வளையாமல் காக்கும் இரும்புத் தண்டு மலிவான கித்தாரிலும் உள்ளே இருக்கிறது. ஆறு கம்பியும் ஒரே உறையில் வீட்டுக்கே வந்துவிடுகிறது. யூடியூபில் எந்தக் கலைஞரின் எந்தத் தனிவாசிப்பையும் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, ஒரே வரியை ஐம்பது முறை கேட்கலாம். வானொலியின் அந்தத் தமிழ்ச் சேவை மின்னல் எஃப்எம் ஆகிவிட்டது. பாட்டு மறுபடி வருமா என்று யாரும் காத்திருப்பதில்லை. கோலாலம்பூரில் இசைக்கென்றே கல்லூரிகள் உண்டு. ஜாஸ் அங்கே பாடம். அதே நகரில் மலேசிய ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு 1998இல் அரங்கேறியது. அதே ஆண்டில் தொடங்கிய 'நோ பிளாக் டை' ஜாஸ் கலைஞர்களுக்கு நிலையான மேடையானது. 2004இல் பினாங்குத் தீவு ஜாஸ் விழாவை பால் அகஸ்டின் தொடங்கினார். 1995 முதல் மின்ரயில் ஓடுகிறது. திரோய், லாபு, நீலாய் என்று பழைய தோட்டங்களின் விளிம்பில் நின்று நின்று கோலாலம்பூர் போய்விடலாம். முன்பு சிரம்பானிலிருந்து கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவன் தோட்டம்வரை நடந்தே வர வேண்டும்.

தோட்டங்களில் வேர்கொண்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகளில் இந்த ஜாஸ் வழியில் போனவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஜாஸுக்குப் போனதைவிடப் பலமடங்கு கூட்டம் ராப் பக்கம் போனது என்பதையும் சொல்ல வேண்டும். 2006இல் யோகி பி, நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' வந்தபோது மலேசியத் தமிழ் இளைஞனுக்குத் தன் பேச்சுமொழியிலேயே ஓர் இசைத்தொழில் இருக்கிறது என்று தெரிந்தது. அதற்கு ஆறு பேர் வேண்டாம், ஜெனரேட்டர் வேண்டாம். ஒரு கணினி போதும். ஜாஸ் பத்தாண்டுப் பயிற்சி கேட்கும். பயிற்சி முடிந்தபின் மேசைக்கு இருவராக இருபது மேசை ரசிகர்களைத் தரும். இதில் யாரைக் குறை சொல்வது?

குறைந்துபோனதைச் சொல்வது கடினம், ஏனென்றால் அதற்குக் கணக்கு இல்லை. தீமிதித் திருவிழாவில் தோட்டத்துக் குழு வாசித்தபோது கேட்டவர்கள் யாரும் ரசிகர்கள் இல்லை. மாமன், அத்தை, தண்டல், பள்ளிக்கூட வாத்தியார், முந்தாநாள் சண்டை போட்டவன். தப்பாக வாசித்தால் அடுத்த நாள் ஸ்டோரில் பால் நிறுக்கும்போது கேலி செய்வார்கள். நன்றாக வாசித்தால் அதே இடத்தில் ஒரு சொல் வரும், "நேத்து கொன்னுட்டடா தம்பி" என்று. அந்தக் கூட்டம் கித்தாரைக் கேட்பதற்காக வரவில்லை. அவர்கள் இருந்த இடத்துக்குக் கித்தார் வந்தது. இன்று கோலாலம்பூர் மேடையில் வாசிக்கும் இளைஞனை உன்னிப்பாகக் கேட்கிறார்கள். இசை தெரிந்தவர்கள், அமைதியாக உட்காருகிறவர்கள். அவன் அப்பா அம்மா வந்தால் எப்போது கைதட்டுவது என்று பக்கத்து மேசையைப் பார்த்துக்கொள்வார்கள். பணம் கொடுத்துக் கேட்கும் கூட்டம் மேலானது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனாலும் ஒரு கலைஞனைச் சின்ன வயதில் தாங்கிப்பிடிப்பது அந்தப் பழைய கூட்டம்தான். அதை எந்தக் கல்லூரியும் கட்டணத்தில் சேர்த்துத் தருவதில்லை.

தோட்டத்திலிருந்து தாமானுக்குக் குலையாமல் வந்து சேர்ந்த ஒரே இசைக்கூட்டம் உருமி மேளம். சொல்லப்போனால் இப்போது அது முன்னைவிடப் பெருத்திருக்கிறது. ஒரே நிறச் சட்டை, குழுவுக்குப் பெயர், பக்கவாட்டில் பெயர் எழுதிய வேன், பதினைந்து இருபது இளைஞர்கள். தைப்பூசக் காவடிக்கும் திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் முன்பதிவு செய்து கூப்பிடுகிறார்கள், கூலியும் பேசுகிறார்கள். அன்றைய கித்தார்க் குழுவுக்குக் கிடைக்காத தொழில்மதிப்பு இதற்குக் கிடைத்துவிட்டது. உருமியின் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்க்கும்போது எழுகிற ஒலியைக் கவனித்திருப்பீர்கள். அது ஒரு சுரத்தில் நிற்காது. கீழிருந்து மேலே ஏறி மறுபடி சரியும். கித்தார்க்காரர்கள் கம்பியை இழுத்தும், மரத்தைச் சுரண்டியும் தேடிய நடுவெளி அந்தத் தோலிலேயே இருக்கிறது.

கல்லூரியில் இசையமைப்புப் படித்து வெளிவரும் பிள்ளைகளின் பெரிய குறை, எழுதியதை வாசிக்க ஆள் கிடைப்பதில்லை என்பது. நால்வர் குழுவுக்கு எழுதினாலே நால்வரையும் ஒரே நாளில் ஒன்றுசேர்க்கப் படாத பாடு. இங்கே மந்தினிலும் ரந்தாவிலும் வார இறுதியில் ஒத்திகைக்குத் தவறாமல் வரும் இருபது தாளக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது; ஒருமுறை வாயால் சொன்னால் போதும், பிடித்துக்கொள்வார்கள். இந்த இரு தரப்பும் சந்தித்து முழு நீளத்தில் எழுதிய ஒன்று இன்னும் என் காதுக்கு எட்டவில்லை. தாமான் வீடுகளுக்கு நடுவே இருபது உருமியும் பம்பையும் முழங்கினால் அக்கம்பக்கத்தார் புகார் செய்வார்கள் என்பதால், பிள்ளைகள் வேனை ஓட்டிக்கொண்டு வீடுகள் முடியும் இடத்தில், செம்பனை ஓரமாகப் போய் ஒத்திகை பார்க்கிறார்கள். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தொடங்கி இருட்டும்வரை. மின்சாரம் தேவையில்லை, மழை வந்தால் மட்டும் தோலை நனையவிடாமல் வேனுக்குள் ஏற்றிவிட வேண்டும்.